பள்ளிக்கரணையில் ஒரு கொசு உள்ளான்!

பார்த்துவிட்டேன்! கொசு உள்ளான் பறவையைப் பார்த்துவிட்டேன்! மூன்று நாளாகப் பால்காரர், பக்கத்து வீட்டு அக்கா, லிஃப்டில் ஏறியவர் என்று ஒருத்தர் விடாமல் சொல்லியாகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் எப்படி?

நினைத்துப் பாருங்கள். ஜனவரி ஞாயிறு, காலை ஆறு மணி. ஒரு பக்கம் லாரி இரைச்சல், ஐ.டி. கட்டடங்களின் கண்ணாடி, இன்னொரு பக்கம் பனி மூடிய சதுப்பு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய அதே சென்னைப் பள்ளிக்கரணை! வழிகாட்டி அண்ணன் பின்னால் நாங்கள் பன்னிரண்டு பேர், செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல். குப்பை வாடை லேசாக அடித்தது, அடித்துவிட்டுப் போகட்டும்!

நான் வந்தது பூநாரைக்காகத்தான். அதோ, முழங்கால் தண்ணீரில், தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை அரித்து அரித்துத் தின்கின்றன. அதில் கிடைக்கும் பாசியிலும் கூனி இறாலிலும் இருக்கிற நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறதாம். வாய் பிளந்து நின்றேன். "தம்பி, இங்க வா," என்று அண்ணன் ஸ்கோப்பைத் திருப்பினார்.

சேற்றோரம் ஒரு குட்டிப் பறவை. சிட்டுக்குருவி அளவு, எலுமிச்சம்பழக் கனம்கூட இருக்காது. தையல் மெஷின் ஊசி மாதிரி டக்டக்கென்று சேற்றைக் குத்திக்கொண்டே ஓடுகிறது. "கால் கறுப்பா இருக்கா? அப்போ கொசு உள்ளான். மஞ்சளா இருந்தா அது பங்காளி, வேற இனம்." கறுப்பு! கறுப்பேதான்! "இது பொறந்தது ஆர்க்டிக் ஓரத்துல. பெத்தவங்க முன்னாடியே கிளம்பிருவாங்க, குஞ்சுங்க பின்னாடி தானா வழி கண்டு வரும்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கோடையில் சூரியனே மறையாத ஊரில் முட்டையிலிருந்து வந்து, ஒரு சில மாதத்தில், யாரும் கையைப் பிடித்துக் கூட்டிவராமல், மலையும் பாலைவனமும் தாண்டி, இந்தச் சேற்றை, நான் தினமும் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி கடக்கிற இந்தச் சேற்றைத் தேடி வந்திருக்கிறதே என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த நொடியில் மேலே ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்க, ஐயோ, மொத்தச் சதுப்பும் எழுந்தது! ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பவளக்காலி, எல்லாம் ஒரே விசிறலில், பூநாரைச் சிறகுக்கு அடியில் ஒளிந்திருந்த கருஞ்சிவப்பு வானத்தில் பற்றிக்கொள்ள, சிறகுச் சத்தத்தில் லாரிச் சத்தமே அமுங்கிப்போக, நான் முன்பின் தெரியாத ஒரு தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு "பாருங்க, பாருங்க" என்று கத்துகிறேன், அவரும் என் கையை விடாமல் கத்துகிறார்!

எல்லாம் அடங்கியதும் முதல் வேலையாக ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். திரும்பி வந்திருந்தது. அதே சேறு, அதே டக்டக்.

ஏப்ரல், மே வந்தால் கிளம்பிவிடும். அதற்குள் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, விடியற்காலை எழுந்து வாருங்கள். கறுப்புக் கால், ஞாபகம் இருக்கட்டும்!