ஒருதரம் வாசிச்சா போதும்ங்க!

டிவைஸ் டிரைவருக்குள் கிடக்கிற வேண்டாத ரெஜிஸ்டர் வாசிப்பைத் தூக்கி எறிவதில் ஒரு சுகம் இருக்கே, அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோர். கொழுந்து வாட்டுகிற மாடி. காற்றாடிகள் இரைகின்றன, பச்சைக் கொழுந்தின் வாசம் மூக்கில் ஏறுகிறது, தகரத்தில் மழை. சபரகமுவ மழைக்காலத்தில் காற்றின் ஈரம் தெரியாமல் கொழுந்தை எப்படி வாட்டுவது? அதற்குத்தான் ராஸ்பெரி பையில் பொஷ் கம்பெனியின் பிஎம்இ280 சென்சரை மாட்டியிருந்தோம். ஐ2சி கம்பியில் லாஜிக் அனலைசரைக் கொழுவினேன். திரை முழுக்க அலை! ஈரப்பதம் என்ன என்று கேட்டதற்கா இவ்வளவு பேச்சு?

விஷயம் இதுதான். அந்தச் சென்சருக்குள் 32 பைட் திருத்த எண்கள் உண்டு. செய்யும்போதே பதிந்துவிடுகிறார்கள், பிறகு மாறுவதே இல்லை. டிரைவரோ ஒவ்வொரு அளவீட்டுக்கும் அத்தனையையும் ஒவ்வொன்றாய்த் திரும்ப வாசிக்கிறது! கொழுந்து நிறுக்கிற ஒவ்வொரு முறையும் அக்காமாரிடம் பேர், தகப்பன் பேர் எல்லாம் புதுசாய் விசாரிக்கிற கணக்கப்பிள்ளையை நெனச்சுப் பாருங்க! சிப்பின் முகவரி, ரெஜிஸ்டரின் முகவரி, மறுபடி சிப்பின் முகவரி, அப்புறம்தான் விடை. 100 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் ஒரு பைட்டுக்கே 36 துடிப்புக்குமேல். 32 பைட்டுக்கும் சேர்த்தால் சுமார் 12 மில்லிசெக்கன். நமக்கு உண்மையில் வேண்டிய 8 பைட் அளவீடோ ஒரே மூச்சில், ஒரு மில்லிசெக்கனில் வந்துவிடும்!

அந்த வாசிப்பை அப்படியே பெயர்த்து, டிரைவர் தொடங்கும் இடத்தில் வைத்தேன், ஒருதரம் வாசி, நினைவகத்தில் வை, முடிந்தது, ஓடவிட்டேன், அனலைசரைப் பார்த்தேன், ஐயோ, நீங்க பக்கத்தில் இருந்திருக்கணும், அந்த நெரிசல் எங்கே போச்சு, சின்னதாய் ஒரு கொத்து அலை, பிறகு நீளமாய் ஒரு வெறுமை, மறுபடி ஒரு கொத்து, மறுபடி வெறுமை, அளவீடு முன்போலவே அச்சொட்டாய் வருகிறது, காற்றாடி இரைச்சலையும் மீறிக் கத்திவிட்டேன், சறுக்குப் பக்கம் நின்றவர்கள் ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வந்தார்கள், அவர்களையும் இழுத்து வைத்துத் திரையைக் காட்டினேன்!

இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமில்லை. லினக்ஸ் கெர்னலில் இதே குடும்பச் சென்சர்களுக்கான பிஎம்பி280 டிரைவரும் முன்பு ஒவ்வொரு தடவையும் திருத்த எண்களை வாசித்தது, பிறகு தொடக்கத்தில் ஒருதரம் என்று மாற்றினார்கள். பெரிய கணினிகளின் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளிலும் இதே கூத்து. எழுதினால் சிபியு அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும், வாசித்தாலோ விடை வரும்வரை காத்துக் கிடக்கும்.

தானாக மாறுகிற நிலை ரெஜிஸ்டரிலும், வாசித்தாலே அழிந்துபோகிற ரெஜிஸ்டரிலும் மட்டும் கை வைக்காதீங்க. மற்றபடி இன்றைக்கே உங்கள் டிரைவரைத் திறங்க, ஒவ்வொரு வாசிப்பாய்ப் பாருங்க, மாறாததை ஒருதரம் வாசித்து வைத்துக்கொள்ளுங்க!