கூண்டில் நின்ற மனச்சான்று

வழக்கு விசாரணையை நாடகமாக்குவது எளிதுபோலத் தோன்றும். உண்மையில் அது அரிய பணி. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே ஆசிரியரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. இயேசு சபைக் குரு டேனியல் பெரிகன் 1970இல் வெளியிட்ட ‘கேட்டன்ஸ்வில் ஒன்பதின்மர் வழக்கு’ என்னும் நாடகத்தில் இச்சோதனை இன்னும் கடுமையானது. ஏனெனில் ஆசிரியரே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்.

1968 மே 17 அன்று, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கேட்டன்ஸ்வில் ஊரில், இராணுவத்துக்குக் கட்டாய ஆள்சேர்க்கும் அலுவலகத்துள் ஒன்பது கத்தோலிக்கர் நுழைந்தனர். 378 கோப்புகளை வெளியே கொணர்ந்து, தாமே தயாரித்த நேபாம் ஊற்றி எரித்தனர். பின்னர்ச் செபித்தவாறு காவலரை எதிர்பார்த்து நின்றனர். வியட்நாமில் குழந்தைகள்மேல் விழுந்ததும் நேபாம் தீயே அன்றோ!

கோப்புகள் கூட்டாட்சி அரசின் உடைமை. எனவே வழக்கு அக்டோபரில் பால்டிமோர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. அங்குக் கடுங்குற்றமெனில் முதலில் குடிமக்கள் அடங்கிய கிராண்ட் ஜூரி சான்றுகளை ஆய்ந்து குற்றப்பத்திரத்துக்கு ஒப்புதல் தரவேண்டும். பின்னர்ப் பன்னிருவர் ஜூரி ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லவேண்டும். சட்டம் இன்னதென்று உரைப்பவர் நீதிபதி. நடந்தது இன்னதென்று முடிவு செய்வது ஜூரி. தண்டனை மீண்டும் நீதிபதியின் கையில்.

ஒன்பதின்மரோ செய்ததை மறுக்கவே இல்லை. ‘தெரிந்து செய்தாயா?’ என்றது சட்டம். ‘ஏன் செய்தோம் என்று கேளுங்கள்’ என்றனர் அவர்கள். குவாத்தமாலாவில் கண்ட வறுமையும், உகாண்டாவில் ஆற்றிய பணியும், ஹனோயில் கேட்ட குண்டுகளின் ஓசையும் சாட்சியங்களாகின்றன. நீதிபதி அவற்றைப் பேச இடமளித்தார். ஆனால் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் குற்றத்தை நீக்காது என்று ஜூரிக்கு அறிவுறுத்தினார். இந்த இரு மொழிகளின் மோதலே நாடகத்தின் உயிர். இறுதியில் மன்றத்திலேயே ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ செபம் எழும் காட்சி, கற்பனையன்று, நடந்தது. அக்கணம் நெஞ்சை உருக்குகிறது.

எனினும் குறையுண்டு. தம் பணியிடத்தில் திகைத்து நின்ற பெண் ஊழியரின் அச்சம் நம் மனத்தில் தங்குவதில்லை. கூண்டில் நின்றவர்க்குக் கிட்டிய கவிதை அவருக்குக் கிட்டவில்லை. மேலும், குற்றவாளிகள் என்ற தீர்ப்போடு திரை விழுகிறது. வழக்கோ அங்கு முடியவில்லை. டேனியலுக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1969இல் மேல்முறையீட்டு மன்றம் அரியதொரு கருத்தை உரைத்தது: சட்டத்துக்கு மாறாகவும் விடுவிக்கும் வல்லமை ஜூரிக்கு உண்டு, ஆயின் அதனை நீதிபதி அவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை! ஆற்றலை வைத்திருப்பவனே அதனை அறியாதிருக்கும் இந்நிலையன்றோ நாடகத்துக்குரிய கரு?

இன்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் விசாரணையின்றியே குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். பலருக்கு அது அரசுத் தரப்போடு செய்துகொண்ட உடன்பாடு. ‘ஏன்’ என்று பன்னிருவர் முன் சொல்லும் வாய்ப்பு அருகிவிட்டது. அதனாலேயே இந்நூல் பழமையாகவில்லை.

பிலாத்துவும் குற்றம் காணவில்லை; கைகழுவினான். இந்நாடகத்தை மூடிவைக்கும்போது நாம் அமர்ந்திருப்பது பார்வையாளர் வரிசையில் அன்று, ஜூரியின் இருக்கையில். நம் தீர்ப்பு என்ன?