ரேகையில் மயங்கும் வில்

பெங்களூரில் தச்சு வேலையைப் பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள் இப்போது நிறைய. கணினி முன் உட்கார்ந்து கை மரத்துப்போனவர்கள் வாரக் கடைசியில் உளியும் இழைப்புளியும் எடுக்கிறார்கள். கரண்டி, முக்காலி, புத்தக அலமாரி என்று கை தேறியதும் சிலருக்கு வில் செய்யும் ஆசை வருகிறது. கோரமங்கலாவிலிருந்து ஈஜிபுராவின் தமிழ்த் தச்சர்களிடம் யோசனை கேட்க வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பார்க்க நல்லா இருக்கிற மரம் எதுண்ணே?" ஈட்டியா, வேங்கையா, அந்தமான் படாக்கா? கடைசியில் வர வேண்டிய கேள்வி முதலில் வந்து நிற்கிறது. அழகு பார்த்து வில் மரம் தேர்ந்தெடுக்கும் இந்த வழக்கத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வில்லை முறிக்கிற பிழையும் இருக்கிறது.

வில்லை வளைக்கும்போது அதன் இரு முகங்களும் எதிரெதிர் வேலை செய்கின்றன. இலக்கைப் பார்த்திருக்கும் வெளிமுகம் இழுபடுகிறது. வில்லாளியைப் பார்த்திருக்கும் உள்முகம் நசுங்குகிறது. மேசைக்கால் ஆயுள் முழுக்கக் காணாத விசையை வில் ஒவ்வோர் அம்புக்கும் காண்கிறது. ஆகவே வெளிமுகத்தின் நார்கள் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். நார் எங்கே சாய்ந்து வெளியே வந்து முடிகிறதோ அங்கே சிராய் கிளம்பும். சிராய் கிளம்பிய இடத்தில் ஒரு நாள் வில் போகும்.

இங்கேதான் சிக்கல். மரத்தில் நாம் அழகு என்று வியப்பது பெரும்பாலும் நார் நேராக ஓடாததைத்தான். அலையலையான மினுக்கம், சுழி, கணுவைச் சுற்றிய கண் போன்ற வட்டம் எல்லாமே நார் திசைமாறியதன் அடையாளம். அலமாரிக் கதவுக்கு அது நகை. வில்லுக்கு அது நோய். பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதைவிட்டால் வேறு மரம் இல்லை. மஞ்சளாக இருந்து காலப்போக்கில் செம்பழுப்பாகக் கனியும் அந்த நிறத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதன் நார்கள் அடுக்குக்கு அடுக்கு திசைமாறிப் பின்னிக்கிடப்பவை. ஒலிக்கு வாய்த்த மரம் வில்லின் வெளிமுகத்துக்கு ஆகாது.

ஈட்டியின் குறை வேறு வகை. கர்நாடகத்தில் பீட்டே என்பார்கள். கருஞ்சிவப்பில் ஊதாக் கோடுகள் ஓடும் அந்த மரத்தின் முன் யாருக்கும் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் நன்கு காய்ந்தபின்பும் அது கன மீட்டருக்குச் சுமார் 850 கிலோ எடை நிற்கும். வில்லின் கைகள் கனத்தால், நாணை விட்டதும் அந்தக் கனத்தைத் திருப்பிக் கொண்டுபோகவே விசையில் ஒரு பங்கு செலவாகிவிடும். அம்புக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். நடுப்பிடிக்கு ஈட்டி அருமையான மரம், ஏனென்றால் பிடி வளைய வேண்டியதில்லை. கைகளுக்கு அதைப் போடுகிறவர்கள் பார்வைக்காகத்தான் போடுகிறார்கள்.

அழகு மரத்துக்குச் சந்தை கொடுக்கும் விலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்மரத்தில் அலை ரேகை உள்ள கட்டைக்குத்தான் வெளிநாட்டில் விலை அதிகம். ஜப்பானில் இசைக்கருவிகளுக்குத் தேடி வாங்கினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். மரம் கடத்த வந்தவர்கள் என்றது போலீஸ். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலிகள் அவர்கள். ஒரு மரத்தின் ரேகை வளைந்து ஓடுவதற்கு இவ்வளவு கிராக்கி இருக்கிறது. அதே அலை ரேகையை ஒரு வில்லாளியிடம் கொடுத்தால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்.

இதனால் அழகு பார்ப்பதே தவறு என்று ஆகிவிடாது. ஐரோப்பாவின் யூ மரம் இதற்கு நல்ல எதிர்சாட்சி. அதன் வைரம் ஆரஞ்சு கலந்த பழுப்பு, வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி பால்நிறம். இரண்டும் சேரும் இடத்தில் வில்லின் நீளம் முழுக்க ஒரு கோடு விழும். அந்த இருநிறம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. வெள்ளை இழுவிசையைத் தாங்கும், வைரம் நசுங்கலைத் தாங்கும். எதை எந்தப் பக்கம் வைப்பது என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 170-க்கும் மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன. நானூறு ஆண்டுக்கு மேல் சேற்றில் கிடந்தும் பலவற்றில் இந்த அமைப்பை இன்னும் பார்க்க முடிகிறது. இந்த மரத்துக்கு இங்கிலாந்து எவ்வளவு ஏங்கியது தெரியுமா? 1472-இல் போட்ட ஒரு சட்டப்படி அங்கே சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் டன் ஒன்றுக்கு நான்கு வில் கட்டைகளையும் கொண்டுவந்தாக வேண்டும். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவின் நல்ல யூ மரங்கள் பெரும்பாலும் தீர்ந்துபோயின.

அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு மரமும் அப்படித்தான். பளீர் மஞ்சள், வெயில் பட்டால் பழுப்பாகும். நம் பலாவுக்கும் மல்பெரிக்கும் அது சொந்தக்காரன், ஒரே குடும்பம். அதில் வில் செய்யும் கைதேர்ந்தவர்கள் மரத்தின் ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளிமுகம் முழுவதையும் இழைக்கிறார்கள். கணு வந்தால் அதைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் மேடாக விட்டுவிடுகிறார்கள். வளைந்த கட்டையில் வில்லும் பாம்புபோல் வளைந்தே வரும். அந்த வில்கள் பார்க்க அபாரம். அந்த அழகை யாரும் தேடிப் போகவில்லை, நாரை மதித்ததன் விளைவாக வந்தது. அழகு நாட்டத்தின் பலம் என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். ரேகையை இரசிக்கப் பழகிய கண் நாளடைவில் ரேகையை வாசிக்கவும் பழகுகிறது, இரசனையோடு நின்றுவிடாமல் இருந்தால்.

அழகு மரத்துக்குத் தடையில்லாத இடம் ஒன்றும் உண்டு. முகத்தில் கண்ணாடியிழைத் தகடு ஒட்டிய வில்களில் இழுவையையும் நசுங்கலையும் தாங்குவது பெரும்பாலும் அந்தத் தகடுதான். அதன் அடியில் மெல்லிய ஈட்டித் தகட்டை ஒட்டினாலும் படாக்கை ஒட்டினாலும் வில் உடையாது. அங்கே தாராளமாக அழகு பார்க்கலாம். மரபு வில் என்று அதற்குப் பெயர் வைத்து விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மரம் அங்கே வேடம் போட்டு நிற்கிறது, வேலை செய்வது வேறொன்று.

நம் பக்கத்து வில் மரங்களோ தோற்றத்தில் பின்வரிசைக்காரர்கள். அர்த்தசாஸ்திரம் வில்லுக்குரிய பொருள்களை வரிசைப்படுத்தும்போது பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நான்கைச் சொல்கிறது. முதல் இரண்டும் தச்சர் கணக்கில் மரமே அல்ல. அவற்றின் கட்டமைப்பு மற்ற மரங்களுக்கு நேர் எதிர். தேக்கிலும் ஈட்டியிலும் வைரம் உள்ளே. பனையிலும் மூங்கிலிலும் உறுதியெல்லாம் வெளித்தோலை ஒட்டி, உள்ளே போகப்போகச் சோறு. மூங்கில் தன் கடினமான நாரை எங்கே அடுக்கி வைத்திருக்கிறதோ, வில்லின் வெளிமுகம் கேட்பதும் அங்கேதான். தோலைச் சீவாமல் வெளிப்பக்கம் வைத்து உட்புறத்தை மட்டும் இழைத்தால் பாதி வேலை முடிந்தது. பனையின் வைரமும் குறைந்ததல்ல. கறுப்பும் பழுப்புமாக நெடுக ஓடும் நார்க்கோடுகள் கொண்ட அதன் வெட்டுமுகம் ஈட்டிக்கு எந்த விதத்திலும் சளைத்ததல்ல என்பேன். தென்மாவட்ட வில்லுப்பாட்டுக் குழுக்களின் நெடிய வில்லை அதில் செய்வதுண்டு. மணி கட்டி, வண்ணம் தீட்டி, கூட்டத்தின் முன் வைக்கிற அந்த வில் அம்பு எய்ய வேண்டியதில்லை, வீசுகோலின் அடிதான் அதற்கு வரும். அங்கே தோற்றத்துக்கு முதலிடம் கொடுப்பதில் தவறே இல்லை.

அந்தமானில் சூய் என்று ஒரு மரம். வெளிர் நிறம், சாதாரணத் தோற்றம். மர வியாபாரத்தில் அதன் பெயரே அந்தமான் வில் மரம். கண்ணைப் பறிக்கும் படாக்கும் அதே தீவுகளில்தான் வளர்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் சடச்சி இருக்கிறது, கன்னடத்தில் தடசலு. கோடரிக் காம்பு, துடுப்பு, காவடித் தண்டு என்று வளைந்து நிமிர வேண்டிய வேலைகளுக்கெல்லாம் ஊரார் அதைத்தான் தேடுவார்கள். தோளில் சுமை ஆடும்போது கூடவே ஆடிக்கொடுக்கிற தண்டு வில்லுக்கு ஏற்றது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டுமா? மல்பெரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாக்கி மட்டைக்கு வடக்கே அதைத்தான் நாடுவார்கள். பெங்களூருக்கு அருகே ராமநகரத்தில் பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை இருக்கிறது, சுற்றிலும் மல்பெரித் தோட்டங்கள். ஆனால் இலைக்காகக் கவாத்து செய்து புதராக நிறுத்துகிற செடியில் வில்லுக்குக் கட்டை எங்கே கிடைக்கும்? வயதாகி மரமான ஒன்று தோட்டத்து வேலியோரம் தப்பி நின்றால்தான் உண்டு.

உள்ளூர்ப் பொருள் என்றாலே உயர்ந்தது என்று பாடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு விழும். மூன்று ஆண்டு முற்றாததை வெட்டினாலோ, சாறு ஓடும் மழைக்காலத்தில் வெட்டினாலோ ஒரு வருடத்தில் பொடியாகக் கொட்டும். அடுப்புக்கு மேல் பரணில் போட்டுப் புகையேற்றுகிற வழக்கம் வெறும் சம்பிரதாயம் இல்லை. சரியாகக் காயாத மூங்கில் வில் நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும், நாளுக்கு நாள் வலு குறையும். பெங்களூரின் மார்ச் மாத வறட்சிக்கும் ஆகஸ்ட் ஈரத்துக்கும் நடுவில் அதே வில் இரண்டு விதமாக எய்யும். தேசிய அளவிலான வில்வித்தைப் போட்டிகளில் மூங்கில், மர வில்களுக்கு என்று இந்தியன் ரவுண்டு என்ற தனிப் பிரிவே இருக்கிறது. உதய்ப்பூர் பக்கத்துக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் போட்டியிட்டார். ஆனால் ஒலிம்பிக்கில் மூங்கில் வில்லுக்கு வேலை இல்லை. தொடங்கிவைப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது.

ஈஜிபுராவை ஒட்டி, 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய கேம்ஸ் வில்லேஜ் நிற்கிறது. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கண்டோன்மென்ட் பக்கத்து பாம்பூ பஜார் அதிக தூரமில்லை. வில் செய்ய நினைக்கிறவர் முதலில் அங்கே போக வேண்டும். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017 சட்டத் திருத்தம் மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது, அதனால் வெட்டவும் கொண்டுபோகவும் தொல்லை குறைவு. உள்முகத்துக்கு மரம் வேண்டுமென்றால் மைசூர் சாலை டிம்பர் யார்டு இருக்கிறது. அங்கே ஈட்டிக்கும் தேக்குக்கும் பெயர், விலை, தரம் எல்லாம் சொல்வார்கள். சடச்சி என்று கேட்டால் முழிப்பார்கள். அழகு இல்லாத உள்நாட்டு மரங்களெல்லாம் அங்கே ஜங்கிள் வுட் என்ற ஒரே பெயரில் ஒரே குவியலில் கிடக்கின்றன. அந்தக் குவியலில் நார் நேராக ஓடுகிற, தட்டினால் கணீரென்று ஒலிக்கிற கட்டை கண்ணில் பட்டால் ஒரு துண்டு வாங்கி, மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கொடுக்கலாம். மரத்தை அடையாளம் கண்டு சொல்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. சடச்சி என்று பதில் வந்தால் மறுநாளே போய் மிச்சக் கட்டையையும் வாங்கிவிடுவது நல்லது. சென்ட்ரிங் வேலைக்கு அதே குவியலிலிருந்துதான் எடுத்துப் போகிறார்கள்.