சாயத்துக்குப் பின் நூல்

ஷெட்லாண்ட் கம்பளியில் ஒரு பச்சை நூல்கண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பச்சை மட்டும் தெரியாது. ஊடே மஞ்சள் ஓடும், நீலம் ஓடும், நினைக்காத இடத்தில் ஒரு செம்பழுப்பு மயிர் எட்டிப் பார்க்கும். தள்ளி வைத்தால் எல்லாம் அடங்கிப் பச்சையாகிவிடும். இந்த நயத்தில் ஜேமிசன் குடும்பத்து ஆலையை மிஞ்ச, எனக்குத் தெரிந்து ஆளில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, நடுக்கடலில் கிடக்கிறது ஷெட்லாண்ட் தீவுக்கூட்டம். அதன் மேற்குக் கரையில் சாண்ட்னெஸ் என்ற சிற்றூர். 1890களில் ராபர்ட் ஜேமிசன் அங்கே தொடங்கிய கம்பளி வியாபாரம் ஐந்து தலைமுறை கண்டுவிட்டது. வெகுகாலம் ரோமம் இங்கே, நூற்பு வேறெங்கோ என்றிருந்தது. பின்னால் வந்தவர்கள் சொந்த ஊரிலேயே ஆலை வைத்தார்கள். தீவு ஆட்டின் ரோமம் தீவிலேயே நூலாவது அவர்கள் செய்த பெரிய காரியம்.

சூட்சுமமெல்லாம் நூற்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வெள்ளை நூலை நூற்றுச் சாயத்தில் முக்கினால் ஒரே சீரான நிறம்தான் வரும். இங்கே ரோமத்துக்கே சாயம் ஏற்றி, பல நிறங்களைக் கலந்து கார்டிங் எந்திரத்தில் விடுகிறார்கள். முள் உருளைகள் பிரித்துப் பிரித்து ஒன்றாக்குகின்றன. கலவை போதாவிட்டால் நூல் திட்டுத்திட்டாகும். மிஞ்சினால் நிறத்தின் உயிர் போய்விடும். நிறுத்தும் இடம் தெரிவதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஸ்பின்ட்ரிஃப்ட் என்ற இரட்டை இழை நூலில் மட்டும் 200க்கு மேற்பட்ட நிறங்கள். மூரிட் என்கிற செம்பழுப்பும் ஷேலா என்கிற கருஞ்சாம்பலும் ஷெட்லாண்ட் ஆட்டின் பிறவி நிறங்கள். அவற்றின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சீப்பிட்டு நேராக்காமல் நூற்பதால் மயிர்கள் தாறுமாறாகக் கிடந்து காற்றைப் பிடித்துவைக்கின்றன. ஸ்பின்ட்ரிஃப்டில் 25 கிராம் கண்டு 105 மீட்டர் ஓடுகிறது. மயிர்களின் அந்தச் சிலும்பலுக்கு இன்னொரு பயனும் உண்டு. பல நிறக் கோலம் போட்ட ஃபேர் ஐல் ஸ்வெட்டரின் உடம்பை முழுக் குழாயாகப் பின்னிக்கொண்டுபோய், கை சேர்க்க வேண்டிய இடத்தில் கத்தரியால் நேராக வெட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் கண்ணிகள் பிரிந்து ஓடாது. பக்கத்து மயிரைப் பற்றிக்கொண்டு நிற்கும். வழுவழுப்பான நூலில் இந்தத் துணிச்சல் வராது.

கண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொரசொரப்பு என்று ஒதுக்குகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். நூற்பதற்காக விட்ட எண்ணெயின் மிச்சம் இன்னும் அதில் இருக்கும். ஒரு சாண் சதுரம் பின்னி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் படுக்கைவாட்டில் உலர்த்திப் பாருங்கள். எண்ணெய் போய், மயிர் மலர்ந்து, கண்ணிக்குக் கண்ணி இருந்த இடைவெளி மூடிக்கொள்ளும். நிறங்களும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேரும்.