ஈரச் சாக்கும் வேப்பெண்ணெயும்

மழைக்கால மும்பையின் முலுண்டில், தரைத்தள வீடுகளின் கீரைக்கும் செண்டுமல்லிக்கும் எமன், இருட்டியபின் ஊர்ந்துவரும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். அதற்கான எளிய பொறி எனக்கு மிகவும் பிடிக்கும். மாலையில் நனைத்த கோணிச் சாக்கைச் செடியோரம் விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்தால் போதும். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் கூட்டமாக ஒண்டிக் கிடக்கும். கையுறையோடுதான் பொறுக்க வேண்டும். மூளையைத் தாக்கும் புழு அதன் உடலில் இருக்கலாம். பொறுக்கியதை உப்புநீர் வாளியில் போடலாம். உப்பை மண்ணில் மட்டும் தூவவே கூடாது, வேர் கருகிவிடும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்: லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் கரையக் கொஞ்சம் சோப்பு. வேப்பெண்ணெயிலுள்ள அசாடிராக்டின், பூச்சியைத் தோலுரித்து வளர விடாது. அடைமழை அதைக் கழுவிவிடும்; மழை வெறித்த மாலையில் மறுபடி தெளிக்க வேண்டும், இலையின் அடிப்புறத்திலும்.