பதிவா, அங்கீகாரமா?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தைச் சம்பளத் தகராறு என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். மீதி, ஒரு சொல்லைப் பற்றிய தகராறு. சிஐடியு தொழிற்சங்க அமைப்பின் துணையோடு தொழிலாளர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயர் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’. எங்கள் பெயரைச் சங்கம் எடுத்தாளக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. பதிவு மாதக்கணக்கில் இழுத்தது.

சொல்லில் கறார் காட்டுவது குற்றமில்லை. இந்தக் கறார் நிற்குமா என்பதே கேள்வி. சாம்சங் என்று பெயர் ஒட்டி வேறொருவர் ஃப்ரிட்ஜ் விற்றால் கம்பெனி கோர்ட்டுக்குப் போவது நியாயம். சங்கம் எதையும் விற்கவில்லை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் கவலை வணிகத்தில் நடக்கும் பயன்பாடு பற்றியது. அன்று நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டமோ, ஏற்கெனவே பதிவான இன்னொரு சங்கத்தோடு குழம்பும் பெயரைத்தான் மாற்றச் சொன்னது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் பெயரோடு சங்கம் இருக்கிறது. தென்கொரியாவில் அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சங்கத்தின் பெயரிலும் சாம்சங் உண்டு. தாய்வீட்டில் கெடாத பெயர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கெடுமா?

போராட்டத் தட்டியிலும் ஒரகடம் தொழிற்பேட்டையின் ‘ஆட்கள் தேவை’ நோட்டீசிலும் ஒற்றுப் பிழை தேடுகிறவர்கள் இன்னொரு வகைக் கறார்க்காரர்கள். அவர்கள் சொல்வது இலக்கணப்படி சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பிழையால் யாருக்கும் சம்பளம் குறைவதில்லை.

சம்பளத்தைக் குறைக்கிற சொற்கள் வேறு. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம் கேட்கலாம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமோ, அப்ரண்டிஸ் தொழிலாளியே அல்ல என்கிறது. ஒரே லைனில், ஒரே ஷிப்டில் நிற்கும் இருவரைப் பிரிப்பது அடையாள அட்டையில் அச்சான ஒரு சொல். பிழை தேடுகிறவர்களின் கண் அந்த அட்டையில் பட்டிருந்தால் நாலு பேருக்குப் பிரயோஜனம்.

சங்கத்தின் பக்கம் நிற்கும் நம்மிலும் பலர் சொல்லில் மெத்தனம்தான். உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது. அதைச் ‘சங்கத்துக்கு அங்கீகாரம்’ என்று கொண்டாடினோம். கிடைத்தது பதிவு. பதிவு தருவது தொழிலாளர் துறை. அதனால் சங்கத்துக்குச் சட்டப்படி ஓர் உருவம் வருகிறது, அவ்வளவே. அங்கீகாரம் என்பது நிர்வாகம் அந்தச் சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக ஏற்பது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அந்த 1926 சட்டத்தில் இருக்கவில்லை. மகாராஷ்டிரம் அங்கீகாரத்துக்கென்றே 1971இல் தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாடு அப்படி ஒன்று போடவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: நிர்வாகத்தின் பெயர்க் கறார் செல்லாது. ஒற்றுக் கறாரைப் பொறுத்துக்கொள்ளலாம். பதிவையும் அங்கீகாரத்தையும் பிரித்துப் பேசும் கறாரை விடவே கூடாது. ஏனென்றால், பதிவான சில நாளிலேயே, பிப்ரவரியில், சங்க நிர்வாகிகள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தொழிலாளர்கள் மறுபடி போராட்டத்தில், இம்முறை ஆலைக்குள்ளேயே, உட்கார்ந்தார்கள்.