சில்லு செய்தவரும் செய்து பார்த்தவரும்

தூத்துக்குடிக் கரையில் மைக்ரோகண்ட்ரோலர் சில்லுக்கு வேலை நிறைய இருக்கிறது. உப்பளத்து மோட்டாரை வீட்டிலிருந்தே நிறுத்த, இறால் பண்ணையில் காற்றூட்டி நின்றுபோனால் செல்போனுக்குச் சேதி அனுப்ப, ஐஸ் கம்பெனியின் குளிர்நிலையைக் கவனிக்க, அந்தச் சில்லு பொருத்திய சில நூறு ரூபாய்ப் பலகை ஒன்று போதும். இதற்கு நிரல் எழுதுபவர் பெரும்பாலும் தனியாள். ஐம்பது பலகை வாங்கினால் அவருக்கு அது பெரிய கொள்முதல். சிக்கல் வந்தால் அவர் சில்லு தயாரித்த நிறுவனத்தைக் கேட்பதா, அதை ஆர்வத்துக்காகக் குடைந்து பார்ப்பவர்களைக் கேட்பதா? ஆர்வலர்களைத்தான் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள். அந்த விடையை நானும் ஏற்கிறேன். ஆனால் நிறுவனத்தார் சோம்பேறிகள், ஆர்வலர்கள் நல்லவர்கள் என்று அதற்குக் காரணம் சொல்வதை ஏற்க முடியவில்லை.

நிறுவனங்களின் உதவிப் படிவம் பெரும்பாலும் முதலிலேயே ஆண்டுக்கு எத்தனை சில்லு வாங்குவீர்கள் என்று கேட்டுவிடும். லட்சக்கணக்கில் வாங்குபவருக்குக் களப் பொறியாளர் நேரில் வருவார். ஐம்பது வாங்குபவருக்குச் சில்லின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டின் பக்க எண் வரும். மிகக் குறைந்த விலைச் சில்லை விற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் செலவிட முடியாது என்பது நியாயமே. நான் குறையாகப் பார்ப்பது வேறொன்றை. நல்ல பதிலே வந்தாலும் அது ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியோடு முடிந்துபோகிறது. வேம்பாரில் ஒருவருக்குக் கிடைத்த விடை முள்ளக்காட்டில் அதே சிக்கலில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த விடை சரியா என்று வேறு யாரும் சோதிக்கவும் வழியில்லை.

2014இல் வந்த இஎஸ்பி8266 சில்லை எடுத்துக்கொள்வோம். மலிவான வைஃபை, ஆனால் தொடக்கத்தில் கிடைத்த ஆவணங்கள் பெரும்பாலும் சீன மொழியில். ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்தார்கள், சோதித்துக் குறிப்பெழுதினார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள், அதைத் தயாரித்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் தன் மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. 2015இல் ஆர்டுயினோ நிரலாக்கச் சூழலிலேயே அந்தச் சில்லுக்கு நிரல் எழுத முடிந்தது. அந்த வேலையைத் தொடங்கிய இவான் குரோகோட்கோவ் பின்னாளில் அதே நிறுவனத்தில் சேர்ந்தார். வைஃபை பகுதியின் மூல நிரலை நிறுவனம் திறக்கவில்லை. அங்கே ஆர்வலர்களாலும் வெகுதூரம் போக முடியவில்லை.

அதே 2014இன் அக்டோபரில் நேர்மாறான ஒன்று நடந்தது. யுஎஸ்பி இணைப்புச் சில்லு தயாரிக்கும் எஃப்டிடிஐ, போலிகளைத் தடுப்பதற்காக, விண்டோஸ் புதுப்பிப்பு வழியே வந்த இயக்கி மென்பொருளில் போலிச் சில்லின் அடையாள எண்ணை அழிக்கச் செய்தது. சென்னை ரிச்சி தெருவில் பலகை வாங்கும் மாணவருக்கு உள்ளே இருப்பது அசலா போலியா என்று எப்படித் தெரியும்? பலகை திடீரென்று கணினியில் தெரியாமல் போகும், அவ்வளவுதான். எண்ணைத் திருப்பி எழுதும் வழியைப் பரப்பியவர்கள் ஆர்வலர்கள். எதிர்ப்புக்குப் பிறகு நிறுவனம் அந்த இயக்கியைத் திரும்பப் பெற்றது.

எனக்கு மிகவும் பயன்பட்ட சான்று 2024 ஆகஸ்டில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் வெளியிட்ட ஆர்பி2350 சில்லு. அதில் மின்னழுத்தம் மேலேறிய ஒரு முனை, கீழிறங்க வேண்டிய நேரத்தில் சுமார் 2.2 வோல்ட்டில் சிக்கிக்கொண்டது. உப்பளத்து மிதவை சுவிட்சை இந்த முனையில் கட்டியிருந்தால், சுவிட்ச் விட்ட பிறகும் சில்லு அதை 'ஆன்' என்றே படிக்கும், மோட்டார் நிற்காது. பஸ் பைரேட் என்ற மின்னணுச் சோதனைக் கருவியை உருவாக்குவோர் இதைக் கண்டு சொன்னார்கள். முனையைக் கீழிழுக்கச் சில்லின் உள்ளேயே இருக்கும் புல்-டவுன் ரெசிஸ்டரோடு மட்டும் சேர்ந்த குறை என்று முதலில் குறிக்கப்பட்டது. மற்ற ஆர்வலர்கள் அளந்து, அது அதைவிட விரிந்தது என்று காட்டினார்கள். நிறுவனம் டேட்டாஷீட்டின் பிழைக்குறிப்பைத் திருத்தி, 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைந்த வெளி ரெசிஸ்டர் போடச் சொன்னது; 2025இல் திருத்திய சில்லையே கொண்டுவந்தது. குறையை வெளியே இருந்தவர்கள் அளந்தார்கள். அது சிலிக்கனில் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவும் மாற்றவும் நிறுவனத்தால்தான் முடிந்தது.

ஆர்வலர்களிடம் உள்ள குறைகளை மறைத்து ஒரு தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. இஎஸ்பி8266 முனைகள் 5 வோல்ட் தாங்கும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உலவுகிறது. டேட்டாஷீட் அதை 3.3 வோல்ட் வகைச் சில்லாகவே விவரிக்கிறது. மேசை மேல் ஒரு வாரம் ஓடியது உப்புக்காற்றில் ஐந்து ஆண்டு ஓடும் என்பதற்குச் சான்றாகாது. ஒருவர் எழுதிய நிரல் நூலகம், அவருக்கு வேறு வேலை கிடைத்ததும் அப்படியே கைவிடப்படுகிறது. பதில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஐடிஐ படித்த எலக்ட்ரீசியன் வாசலிலேயே நின்றுவிடுகிறார். 2012 முதல் கணினி நுட்பத்தைத் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகள் இன்னும் பத்தாவது வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கணக்கு வேறு. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆபத்தில் சிக்கிய படகு அதன் வழியே கரைக்குச் சேதி அனுப்பும். அந்தக் கருவி பழுதானால் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் வேண்டும். தருவைகுளத்து விசைப்படகுக்காரருக்கு ஆர்வலர் குழுவின் யோசனை போதாது, கரையிலேயே பழுது பார்க்கும் ஆள் வேண்டும்.

ஆக, பொறுப்பு யார் தலையில் என்பது முதல் கேள்வி. உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டிய கருவிக்கு நிறுவனம். மற்ற எல்லாவற்றுக்கும் ஆர்வலர்களே. அவர்கள் பதில் பலர் முன்னே நிற்கிறது, தவறானால் அடுத்தவர் திருத்துகிறார். ஆனால் அவர்களுடைய உதவியும் நிறுவனம் வெளியிடும் ஆவணத்தின் எல்லை வரைதான் போகும். அதனால் சில்லைத் தேர்ந்தெடுக்கும்போது உதவிப் பிரிவு எவ்வளவு கனிவாகப் பேசுகிறது என்று பார்க்காமல், பிழைப்பட்டியலை நிறுவனம் எவ்வளவு விரைவாக வெளியிடுகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

நம் நாட்டுச் சில்லுகளையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டம், வடிவமைப்பின் மூலத்தையே திறந்து வைத்தது. அது பெரிய தொடக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தேஜஸ்32 சில்லை ஏரீஸ் பலகையில் ஆர்டுயினோ சூழலிலேயே நிரலாக்கலாம். அந்தப் பலகையை வாங்கும் தூத்துக்குடி மாணவர் ஒரு குறையைக் கண்டு எழுதினால், அவருக்கு மின்னஞ்சலில் பதில் போவதோடு நின்றுவிடக் கூடாது. கேள்வியும் பதிலும், தேதியோடும் சில்லின் பதிப்பு எண்ணோடும், அடுத்து வாங்குபவர் படிக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.